நாத்தனார் வீட்டில் வைத்த சோதனை

அலுவலகத்தில் அவளுக்குச் சுடுதண்ணி என்று பெயர். நேரில் அக்கா என்பார்கள். முதுகு திரும்பியதும் சுடுதண்ணி. அவளுக்கும் அது தெரியும். மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள்தான். ஆனால் காரணமில்லாமல் கோபப்பட்டாள் என்று அவளைப் பிடிக்காதவர்கள்கூடச் சொன்னதில்லை.

ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத அறை. சலவை இயந்திரங்கள் சுற்றும்போது மேசை மேல் தண்ணீர் பாட்டில் தானாக நகரும். எதிர்ச்சுவரில் ஆளுயரத் திரை. மருத்துவமனையில் ஓடும் மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கட்டம். நன்றாக ஓடினால் பச்சை, படுத்துக்கொண்டால் சிவப்பு. யாராவது புகார் சொல்வதற்கு முன்னால் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அவள் வேலை.

அந்தக் கட்டங்களில் ஒன்று டைப்பிஸ்டுகளுக்கானது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தார்கள். நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்பதால் அவர்கள் கணினியில் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. ரிமோட் டெஸ்க்டாப் என்ற மென்பொருள் வழியாக மருத்துவமனைக் கணினிக்குள் நுழைவார்கள். அதன் திரை இவர்கள் வீட்டுத் திரையில் தெரியும். கை வீட்டில், எழுத்து ஆஸ்பத்திரியில்.

இது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருந்தார்கள். மனிதர் யாரும் இல்லை. ஒரு சின்ன நிரல், டைப்பிஸ்ட் மாதிரி நடித்துவிட்டு வந்து முடிவைச் சொல்லும். அறையில் அதைப் பொம்மை என்று அழைத்தார்கள். பொம்மை சரி என்றால் கட்டம் பச்சை. அந்தக் கட்டம் சிவந்து சுடுதண்ணி பார்த்ததே இல்லை.

ஆனால் தொலைபேசி ஓயவில்லை. எழுத்து நகரவில்லை, திரை உறைந்துபோகிறது, பாதி அறிக்கையில் வெளியே தள்ளிவிடுகிறது என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக் குரலை வைத்தே அவளுக்குத் தெரியும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்; கூட்ட நெரிசலில் கத்திப் பழகிய தொண்டை, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தால்தான் கேட்க முடியும். சுடுதண்ணி ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பாள். பச்சை. எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் வீட்டு வயரைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிடுவாள்.

இவளுடைய நாத்தனாரும் அதே டைப்பிஸ்ட் கூட்டத்தில் ஒருத்தி. வேலை காலியிருப்பதாகச் சொன்னதே இவள்தான், ஆனால் இரண்டு பேருக்கும் ஆகாது. ஒருத்தி வாயைத் திறந்தால் மற்றவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட கணவர், தங்கை பக்கமும் சாயாமல் மனைவி பக்கமும் சாயாமல் செய்தித்தாளுக்குப் பின்னால் காலத்தை ஓட்டிவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். வீடியோவில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் டைப்பிஸ்டுகளின் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் அவள் வேகத்தைத் திரையில் போட்டுக் காட்டி, இப்படியே போனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். கணினி சரியில்லை என்று இவள் சொன்னதற்கு, கணினிப் பிரிவே சரியென்று சொல்கிறது, குறை உங்களிடம்தான் என்று முகத்தில் அடித்தாற்போல் பதில்.

"கணினிப் பிரிவுன்னா யாரு? நீங்கதானே அண்ணி?" என்றாள் நாத்தனார்.

சுடுதண்ணி சும்மா இருப்பாளா? பொம்மை தினமும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது, கட்டம் பச்சையாக இருக்கிறது, வேலையைப் பார்க்காமல் சீரியல் பார்த்தால் வேகம் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டாள். செய்தித்தாள் லேசாக நடுங்கியது.

நாத்தனார் கத்தவில்லை. அதுதான் சுடுதண்ணியைத் திகைக்க வைத்தது. "நாளைக்கு லீவு போட்டுட்டு என் வீட்டுக்கு வாங்க. என் பக்கத்துல உக்காருங்க. பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் சுடுதண்ணி போனாள். பொய்யென்று நிரூபித்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். படுக்கையறை மூலையில், இஸ்திரி மேசையையே எழுதுமேசையாக்கி வைத்திருந்தாள் நாத்தனார். காலையில் எல்லாம் சரியாக ஓடியது. பார்த்தாயா என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில், டாக்டர்கள் வார்டு சுற்றி முடித்து வரும் வேளை, திரை சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. நாத்தனாரின் விரல்கள் ஓடின; திரையில் ஒன்றுமில்லை. விரல்கள் நின்று வெகுநேரம் கழித்து எழுத்துகள் மொத்தமாக வந்து கொட்டின, பாதி தப்பும் தவறுமாக. அழித்துத் திருத்தினால் அழிப்பதும் தாமதம். முக்கால் அறிக்கை அடித்த நேரத்தில் திரை கறுத்து, அவளை வெளியே தள்ளியது. நாத்தனார் மறுபடி நுழைந்து, முதல் வரியிலிருந்து தொடங்கினாள். அது பழக்கப்பட்ட பொறுமை என்பது சுடுதண்ணிக்குப் புரிந்தது.

நேற்றுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நா வரவில்லை. "எவ்வளவு நாளா இப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

"உங்களுக்குப் போன் பண்ண ஆரம்பிச்ச நாள்ல இருந்து" என்றாள் நாத்தனார்.

அலுவலகம் திரும்பியதும் சுடுதண்ணி செய்த முதல் காரியம், அந்தச் சோதனையைத் திறந்து அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தது. அவள் சேருவதற்கு முன்னால் ஓர் ஒப்பந்தக்காரர் அமைத்துவிட்டுப் போனது. இத்தனை காலம் யாரும் தொடவில்லை, அவள் உட்பட. படிக்கப் படிக்க ரத்தம் கொதித்தது. பொம்மை டைப்பிஸ்ட் மாதிரி எதுவுமே செய்யவில்லை. பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போகவில்லை. ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. சர்வரின் கதவைத் தட்டி, உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டால் சரி என்று எழுதிவிட்டுத் திரும்பியது. சத்தம் வராவிட்டால் மறுபடி மறுபடி தட்டும். ஏதாவது ஒருமுறை வந்துவிட்டால் அதுவும் பச்சை. எல்லாவற்றுக்கும் மேலாக, பொம்மை உட்கார்ந்திருந்த இடம் அதே சர்வர் அறை, அதே அலமாரி. வீட்டிலிருந்து வருகிறவர்கள் நுழைவாயில் சர்வர் வழியாகச் சுற்றி வர வேண்டும். இது பக்கத்துத் தட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சுத்தமான கண்துடைப்பு. இதை நம்பித்தான் அவள் கண்டக்டரிடம் வயரைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேலாளரிடம் போனாள். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார், எதற்கும் நேராகப் பதிலும் சொல்லமாட்டார். சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இத்தனை வருடமாகப் பச்சையாக இருப்பதை ஏன் கிளற வேண்டும் என்றார். மேலிடத்துக்கு மாதாமாதம் இந்தப் பச்சைதான் போகிறது என்றார். பிறகு, சிரித்துக்கொண்டே, "வீட்டுல உக்காந்து வேலை செய்றவங்க ஆயிரம் சாக்குச் சொல்லுவாங்க. எல்லாத்தையும் நம்பிட்டு இருக்க முடியுமா, சொல்லுங்க?" என்றார்.

முந்தாநாள் தான் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான் என்பது சுடுதண்ணிக்கு உறைத்தது. அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று. வெளியிலிருந்து, ஒரு டைப்பிஸ்ட் வீட்டிலிருந்தே, இன்னொரு சோதனை வைக்கப்போவதாகச் சொன்னாள். மேலாளர் கொஞ்சம் யோசித்தார். சரி, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுவரில் போடாதீர்கள் என்றார்.

பிரிவின் பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவள் மறுபடி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். டைப்பிஸ்டுகள் பயன்படுத்தும் அதே மென்பொருளை அதில் போட்டாள். பொம்மைக்கென்று தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், உள்ளே திறக்க ஒரு போலி நோயாளியின் வெற்று அறிக்கை. பிறகு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தாள். மென்பொருளைத் திற. பெயர் கேட்கும் பெட்டி வரும்வரை காத்திரு. கொடு. ஆஸ்பத்திரித் திரை தெரிகிறதா பார். அறிக்கையைத் திற. ஒரு வரி அடி. அடித்த வரி திரையில் வந்து நிற்கும்வரை எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள். அழி. வெளியே வா.

எந்த வரியை அடிப்பது என்று கேட்டதற்கு, நாத்தனார் யோசிக்காமல் "நோயாளி நலமாக உள்ளார்" என்றாள். அதுவே வைக்கப்பட்டது.

முதல் ஓட்டம் கச்சிதம். இரண்டாவதில் பொம்மை அப்படியே நின்றுவிட்டது. பார்த்தால், முதல்முறை வெளியே வரும்போது முறையாக விடைபெறாமல் ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு வந்திருக்கிறது. உள்ளே அதன் பழைய உருவம் இன்னும் உட்கார்ந்திருந்தது. நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்களே, தொடரவா என்று கணினி கேட்க, பதில் சொல்லத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது.

"பாவம் அண்ணி, உங்க பொம்மைக்கும் என்னை மாதிரி வாய் இல்ல."

"உனக்கா வாய் இல்ல?" என்றாள் சுடுதண்ணி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்காக இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அதைச் சரிசெய்தால், மென்பொருளைப் புதுப்பிக்கவா என்று ஒரு பெட்டி வந்து திரையை மறைத்தது. அதையும் சமாளித்தால், நாத்தனாரின் கணவர் போனுக்குச் சார்ஜ் போட மடிக்கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அவருக்கு அன்று கிடைத்த அர்ச்சனையில் அண்ணியும் நாத்தனாரும் மாறி மாறிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கடைசியில் ஒன்றுதான் பாக்கி. எவ்வளவு தாமதமானால் சிவப்பு? பழைய சோதனையில் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும் அளவுக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள். சுடுதண்ணி நாத்தனாரைக் கேட்டாள்.

"எழுத்து வரதுக்குள்ள ஒரு மூச்சு விடலாம். ரெண்டாவது மூச்சு விட்டேன்னா, டாக்டர் என்ன சொன்னார்னு மறந்துபோயிடும்."

சுடுதண்ணி அவளை மூச்சு விடச் சொல்லி, கைபேசியில் நேரம் பார்த்து, அந்த எண்ணையே வரம்பாகப் போட்டாள். எத்தனையோ சோதனைகளில் எண்களைப் போட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷியைக் கேட்டுப் போட்டது இது ஒன்றுதான்.

முடிவு வர அதிக நாள் ஆகவில்லை. காலையில் பச்சை. முன்பகல் தாண்டியதும் ஒன்று விட்டு ஒன்று சிவப்பு. ஏன் ஒன்று விட்டு ஒன்று என்று தோண்டினாள். வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நுழைவாயில் சர்வர்கள் இரண்டு இருந்தன. புதிதாக வருகிறவர்களை மாற்றி மாற்றி இரண்டுக்கும் அனுப்புவார்கள்; டைப்பிஸ்டுகளின் கணினி முதலில் விழுந்த வாசலுக்கே திரும்பத் திரும்பப் போகும், பொம்மை மட்டும் ஒவ்வொரு முறையும் புது ஆள் மாதிரி நுழைந்தது. சிவப்பு வந்த ஒவ்வொரு முறையும் பொம்மை இரண்டாவது வாசலில்தான் நுழைந்திருந்தது. அந்த வாசல் சர்வரின் நினைவகத்தில் பாதி எப்போதோ செத்துப்போய், ஆள் கூடினால் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. பழைய பொம்மைக்கு வாசல் வழியாக வரும் வழக்கமே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த வாசலில் விழுந்தவர்கள் வேகம் குறைந்தவர்கள். மற்ற வாசலில் விழுந்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

மேலாளரிடம் சொன்னாள். மாதக் கணக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தார். அதற்குள் வேகம் போதாதென்று இரண்டு பெண்களையும் கண்டக்டரையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அடுத்தது யார் என்பதும் அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று சுடுதண்ணி நாத்தனார் வீட்டுச் சோதனையை எடுத்துச் சுவர்த்திரையில் போட்டாள். பழைய கட்டத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவில். பச்சையும் சிவப்பும் அருகருகே. மேலாளர் வந்து பார்த்தார். முதல் முறையாக அவர் குரல் மாறியது.

"அதை எடுங்க."

"எடுக்க மாட்டேன் சார்."

"சொன்னது கேக்கலையா?"

"கேட்டுச்சு. எடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

மேலாளர் வேறொருவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அந்த ஆள் எழுந்தார், சுடுதண்ணி முகத்தைப் பார்த்தார், கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை.

அறிக்கைகள் ஏன் இப்படித் தாமதமாகின்றன என்று கேட்க அன்று மதியம் வார்டுகளின் தலைமை மருத்துவர் கீழே இறங்கி வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது அந்த இரண்டு கட்டங்கள். ஒரே வேலைக்கு எப்படி இரண்டு நிறம் என்று கேட்டார். சோதனை ஓட்டம்தான், பெரிதாக ஒன்றுமில்லை என்று மேலாளர் பூசி மெழுகினார்.

"பச்சை, இந்த ரூம்ல இருந்து பார்க்கிறது டாக்டர்" என்றாள் சுடுதண்ணி. "சிவப்பு, உங்க ரிப்போர்ட்டை அடிக்கிற ஒரு பொம்பளை வீட்டுல இருந்து பார்க்கிறது."

எப்போது சரியாகும் என்று தலைமை மருத்துவர் மேலாளரைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நின்றார்.

அன்று மாலைக்குள் சரியாகிவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்டோர் அறையில் கிடந்த நினைவகப் பலகையை எடுத்து மாட்டி, சர்வரை அணைத்துப் போட்டார்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை. இந்த அற்ப வேலைக்காகவா அத்தனை பேரை அவமானப்படுத்தினார்கள்? சிவப்புக் கட்டம் பச்சையானபோது அறையில் யாரோ கைதட்டினார்கள். சுடுதண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் கை பாதியில் நின்றது.

எடுத்துவிட்ட மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றாள். ஆள் எடுக்கும் பிரிவு முனகிவிட்டு, கூப்பிடுவதானால் நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றது. கூப்பிட்டாள். பெண்கள் இருவரும் வருவதாகச் சொன்னார்கள். ஒருத்தி போனிலேயே அழுதாள். கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஏம்மா, வயரைப் பாருங்கன்னு நீங்க சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். அந்தப் பெரிய குரல் அன்று தணிந்திருந்தது. "மாத்தினேன். வீடு பூரா மாத்தினேன். அப்புறமும் ஓடலைன்னதும் என் விரலுக்கு வயசாயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன். என் பொண்டாட்டிகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

ஞாபகம் இருக்கிறது என்றாள் சுடுதண்ணி. தப்பு எங்களுடையது, என்னுடையதும்தான் என்றாள். அவர் அவளைத் திட்டவில்லை, திரும்பி வரவும் சம்மதிக்கவில்லை. கணினி சரியென்று யார் கையெழுத்துப் போட்டு அனுப்பினாரோ அவர் வாயால் ஒருமுறை சொல்லட்டும், அது போதும் என்றார்.

போனைத் துண்டிக்காமலே எழுந்து மேலாளர் அறைக்குள் போய், அவர் மேசை மேல் வைத்தாள். யார் என்று கேட்டார். சொன்னாள். அவர் வெளியே பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பிரிவு முழுவதும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் குனிந்து, கணினியில் ஒரு சின்னக் கோளாறு இருந்துவிட்டது என்று ஆரம்பித்தார்.

"சின்னது இல்ல சார்" என்றாள் சுடுதண்ணி.

மேலாளர் மென்று விழுங்கினார். "கோளாறு எங்களோடது. உங்க மேல தப்பு இல்ல."

மறுமுனையில் கண்டக்டர், பக்கத்தில் இருந்த யாரிடமோ, "கேட்டியா?" என்று சொல்வது கேட்டது. இணைப்பு அறுந்தது.

அந்த மாதக் கடைசியில் சுடுதண்ணியை அச்சு இயந்திரங்கள் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நிர்வாக வசதிக்காக என்று காரணம் சொன்னார்கள். சண்டை போட்டாள், பலிக்கவில்லை. ஆனால் மடிக்கணினியை நாத்தனார் வீட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. தலைமை மருத்துவர் தன் அறையிலேயே அந்தக் கட்டம் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சுடுதண்ணியின் கோபம் ஆறவில்லை. மை புட்டிகளைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக நடக்கும்போது மேலாளர் எதிரே வந்தால் வணக்கம் சொல்லமாட்டாள். வணக்கம் சொல்லாதவள் என்று அவரும் புகார் கொடுத்திருந்தார்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தன்று லீவு போட்டுவிட்டு நாத்தனார் வீட்டில் இருந்தாள். இஸ்திரி மேசைக்குப் பின்னால், கேமராவில் தெரியாத இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மேற்பார்வையாளர் மறுபடி எல்லாருடைய வேகத்தையும் திரையில் போட்டார். நாத்தனாரின் பெயர் மேலே ஏறியிருந்தது. கண்டித்துச் சொன்னதைப் புரிந்துகொண்டு நன்றாக முன்னேறியிருக்கிறீர்கள், மற்றவர்களும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனதாரப் பாராட்டினார். கணினிக் கோளாறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுடுதண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு எழப்போனாள். நாத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, உட்காருங்கள் என்று கையால் சைகை காட்டினாள். மைக்கைத் திறந்தாள்.

"நான் முன்னேறலைங்க. என் கை அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு. உங்க ஆஸ்பத்திரி வாசல் இடிஞ்சு கிடந்தது, இப்பத்தான் ரிப்பேர் பண்ணியிருக்கீங்க. போன மாசம் எல்லார் முன்னாடியும் என்னை என்ன சொன்னீங்களோ, அதை இப்ப எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குங்க."

மேற்பார்வையாளர், இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாமே என்றார். தனியாக வேண்டாம் என்றது வேறொரு பெண் குரல். திரும்பி வந்த இருவரில் ஒருத்தி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மைக் திறந்துகொண்டே போனது. கூட்டம் முடிய வேண்டிய நேரம் தாண்டியும் யாரும் வெளியேறவில்லை. மேற்பார்வையாளருக்கு எழுந்து போக வழியில்லை. சுடுதண்ணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.